நோட்டு முழுக்க சிவப்பு மை... மொழி புரியாமல் மருத்துவம் படிக்கப் போன சீன மாணவர் லூ சுன்னின் கதை

1904, செப்டம்பர் மாதம். ஜப்பானின் செண்டாய் நகரத்தில் ஒரு மருத்துவப் பள்ளி. உடற்கூறியல் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் சொல்லச் சொல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தலை நிமிராமல் எழுதுகிறார்கள். அச்சடித்த பாடப் புத்தகம் எளிதில் கிடைக்காத காலம். கையால் எழுதும் நோட்டுதான் புத்தகம். அதில் ஒரு வரியை விட்டால், தேர்வில் அந்த வரியை வேறு எங்கும் தேட முடியாது.

அந்த வகுப்பில் ஒரே ஒருவர் மட்டும் சீனாவிலிருந்து வந்தவர். வயது 23. ஜப்பானிய மொழியைப் படிக்கத் தொடங்கி இரண்டரை வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ஆசிரியரின் வேகத்துக்கு அவருடைய பேனா ஓடவில்லை.

அந்த மாணவர் கடைசி வரை டாக்டர் ஆகவில்லை. ஆனா, நவீன சீன இலக்கியத்தின் தந்தை என்று இன்று உலகம் சொல்வது அவரைத்தான். பெயர் லூ சுன்.

வெளிநாட்டில், வேற்று மொழியில் படிக்கப் போகிற ஒருவருக்கு உண்மையில் எது கை கொடுக்கும்? எது காயப்படுத்தும்? இரண்டுக்குமே லூ சுன்னின் செண்டாய் நாட்களில் பதில் இருக்கிறது.

யார் இந்த லூ சுன்?

1881 செப்டம்பர் 25 அன்று சீனாவின் ஷாவோசிங் நகரில் பிறந்தவர். குடும்பப் பெயர் சோ. பள்ளியிலும் கல்லூரியிலும் அவர் சோ ஷூரென்தான். லூ சுன் என்பது 1918ல் வைத்துக்கொண்ட புனைபெயர். லூ என்பது அம்மாவின் குடும்பப் பெயர்.

தாத்தா அரசு அதிகாரி. வசதியான வீடு. ஆனால் தேர்வு ஒன்றில் லஞ்சம் கொடுக்க முயன்ற வழக்கில் 1893ல் தாத்தா சிறைக்குப் போனார். அடுத்து அப்பா படுத்த படுக்கையானார். வீட்டுப் பொருட்களை அடகுக் கடைக்குத் தூக்கிப் போவதும், அந்தக் காசில் மருந்து வாங்கி வருவதும் மூத்த மகனான சிறுவனின் தினசரி வேலையாகிவிட்டது.

வைத்தியர்கள் கேட்ட பொருட்கள் சாதாரணமானவை இல்லை. மூன்று வருடம் பனியில் நனைந்த கரும்பு வேண்டும் என்றார்கள். ஜோடி பிரியாத சில்வண்டு வேண்டும் என்றார்கள். அப்பாவின் வயிறு முரசு போல வீங்கியிருந்ததால், கிழிந்த முரசுத் தோலில் செய்த மாத்திரைகூடக் கொடுக்கப்பட்டது. எதுவும் பலிக்கவில்லை. 1896ல் அப்பா இறந்தார். மகனுக்கு அப்போது 15 வயது.

மருத்துவம் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அப்பாவைப் போல ஏமாந்துபோன நோயாளிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவருடைய கனவு. 1898ல் நான்ஜிங் நகருக்குப் போனார். கட்டணம் இல்லாத கடற்படைப் பள்ளியிலும், பிறகு சுரங்கம் மற்றும் ரயில்வே பள்ளியிலும் படித்தார். வழிச்செலவுக்கு அம்மா தேற்றிக் கொடுத்தது 8 யுவான். ஜப்பான் நவீனமானதில் மேற்கத்திய மருத்துவத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அந்தக் காலத்தில்தான் அவர் படித்துத் தெரிந்துகொண்டார். 1902ல் அரசு உதவித்தொகையில் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார்.

கண்ணுக்குப் புரிந்தது... காதுக்குப் புரியவில்லை

டோக்கியோவில் முதல் இரண்டு வருடம் கோபுன் கல்வி நிலையத்தில் போனது. சீன மாணவர்களுக்கு ஜப்பானிய மொழியும் அடிப்படைப் பாடங்களும் கற்றுத் தர ஏற்பட்ட பள்ளி அது. அதன் தலைவர் வேறு யாருமில்லை, ஜூடோ விளையாட்டை உருவாக்கிய ஜிகோரோ கானோ.

1903ல், அதாவது மொழியைத் தொட்ட மறுவருடமே, ஜூல்ஸ் வெர்னின் நிலவுப் பயண நாவலை ஜப்பானிய மொழியிலிருந்து சீனத்துக்கு மொழிபெயர்த்து வெளியிட்டார் லூ சுன். அப்போ ஜப்பானிய மொழி நன்றாக வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? இல்லை. விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ஜப்பானிய எழுத்தில் ஆயிரக்கணக்கான சீன எழுத்துகள் கலந்திருக்கும். படித்த சீனர் ஒருவர் ஜப்பானியப் புத்தகத்தைத் திறந்தால் பாதிச் சொற்களின் பொருள் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனா அதே எழுத்தை ஜப்பானியர் வாயால் சொல்லும்போது ஒலி முற்றிலும் வேறு. வாக்கிய அமைப்பும் வேறு. சீனத்தில் வினைச்சொல் நடுவில் வரும். ஜப்பானிய மொழியில், நம் தமிழைப் போலவே, கடைசியில் வரும். படிக்கும்போது நின்று, திரும்பிப் பார்த்து, அகராதியைப் புரட்டலாம். வகுப்பில் ஆசிரியர் யாருக்காகவும் நிற்க மாட்டார்.

புத்தகத்தை மொழிபெயர்க்கத் தெரிந்தவர் வகுப்பறையில் திணறியது இதனால்தான். வேற்று மொழியில் உயர்கல்விக்குப் போகிற பலரும் முதல் வாரத்தில் முட்டிக்கொள்கிற சுவர் இது. மொழித் தேர்வில் பாஸ் ஆவது வேறு. வகுப்பில் உட்கார்ந்து கேட்பது வேறு.

சொந்த ஊர்க்காரர்களே இல்லாத ஊர்

டோக்கியோவில் அப்போது சீன மாணவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். சீனாவை ஆண்ட மஞ்சு அரசு விதித்த நீண்ட ஜடையைத் தலைக்கு மேல் சுருட்டி, அதன் மேல் தொப்பி வைத்து, ஃபுஜி மலையைத் தலையில் சுமப்பது போல வலம் வருவார்கள். மாலையானால் மாணவர் மன்றத்தில் நடனப் பயிற்சி. லூ சுன்னுக்கு இது ஒட்டவே இல்லை. தன் ஜடையை 1903லேயே வெட்டி எறிந்தவர் அவர்.

அதனால் அவர் தேர்ந்தெடுத்தது டோக்கியோவிலிருந்து ரயிலில் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் செண்டாய். அங்கிருந்த மருத்துவப் பள்ளியில் ஒரு சீன மாணவர்கூட இல்லை. பள்ளி நிர்வாகம் அவருக்குக் கட்டணம் வாங்கவில்லை. சீனாவிலிருந்து மாணவர் வந்திருப்பது உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியானது. ஆசிரியர்கள் சிலர் அவருடைய சாப்பாடு, தங்கும் இடம் பற்றிக்கூடக் கவலைப்பட்டார்கள்.

அந்த அக்கறை சில சமயம் கோமாளித்தனமாகவும் முடிந்தது. முதலில் அவர் தங்கிய விடுதி சிறைச்சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. கொசுத் தொல்லை தாங்காமல், மூக்கை மட்டும் வெளியே விட்டுவிட்டு உடம்பு முழுக்கப் போர்த்திக்கொண்டு தூங்குவார். ஆனால் சாப்பாடு சுமாராக நன்றாகவே இருந்தது. சிறைக் கைதிகளுக்கும் அதே விடுதிக்காரர்தான் சாப்பாடு சப்ளை செய்கிறார், அங்கே தங்குவது கௌரவமில்லை என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல மனதோடு சொல்கிறாரே என்று வேறு இடம் மாறினார். அங்கே தினமும் தொண்டையில் இறங்காத சேம்புத் தண்டு சூப்!

நண்பருக்கு எழுதிய கடிதத்தில் என்ன இருந்தது?

1904 அக்டோபரில் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. காலை 7 மணிக்கு வகுப்பு தொடங்கி மதியம் 2 மணி வரை ஓடுகிறது. தாமதமாக எழும் பழக்கமுள்ள தனக்கு இது பெரும் பகை என்று அதில் புலம்புகிறார். உடற்கூறியல் பெயர்கள் எல்லாம் லத்தீனிலும் ஜெர்மனிலும் வருகின்றன. தினமும் மனப்பாடம் செய்து மூளை களைத்துப்போகிறது. யோசிக்க இடமே இல்லை, எல்லாம் மனப்பாடம்தான் என்பது அவருடைய குறை.

அதாவது, சீன மாணவர் ஒருவர் ஜப்பானிய மொழி வழியாக ஜெர்மனும் லத்தீனும் கலந்த பாடத்தைப் படிக்கிறார். இத்தனை சுமைக்கும் நடுவில், ஆசிரியர்கள் பேசுவது நல்லவேளையாகப் புரிகிறது என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ஆனா அவருடைய ஆசிரியரின் நினைவில் இருந்த காட்சி வேறு. அந்த மாணவருக்குப் பேசவும் கேட்கவும் அப்போது மொழி போதவில்லை, படிப்பில் ரொம்பவே கஷ்டப்பட்டார் என்றுதான் பல வருடம் கழித்து அந்த ஆசிரியர் எழுதினார்.

யார் சொன்னது உண்மை? இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தூர தேசத்திலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் எல்லாக் கஷ்டத்தையும் எழுதிவிடுவதில்லை. ஓரளவு புரிவதையே புரிகிறது என்று நம்பிக்கொண்டால்தான் அடுத்த நாள் வகுப்புக்குப் போக முடியும்.

சிவப்பு மையில் வந்த பதில்

அந்த ஆசிரியர் பெயர் ஃபுஜினோ கென்குரோ. 1874ல் பிறந்தவர். அப்போது வயது 30தான், மாணவரை விட ஏழு வயது பெரியவர். கறுத்து மெலிந்த உருவம், மீசை, கண்ணாடி. உடையில் கவனமே கிடையாது. டை கட்ட மறந்துவிட்டு வகுப்புக்கு வந்துவிடுவார். ஒருமுறை ரயிலில் அவருடைய கோலத்தைப் பார்த்து நடத்துநர் பிக்பாக்கெட் ஆசாமி என்று சந்தேகப்பட்டதாக மாணவர்களிடையே ஒரு கதை ஓடியது. இழுத்து இழுத்துப் பேசுவார். கடைசி பெஞ்சுப் பசங்க சிரிப்பார்கள்.

வகுப்பு தொடங்கி ஒரு வாரம் போனது. ஃபுஜினோ சீன மாணவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பாடத்தை எழுத முடிகிறதா என்று கேட்டார். கொஞ்சம் முடிகிறது என்றார் மாணவர். நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு மூன்று நாளில் திருப்பிக் கொடுத்தவர், இனி வாரா வாரம் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

நோட்டைத் திறந்து பார்த்த லூ சுன் அதிர்ந்துபோனார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு மை. விட்டுப்போன பகுதிகள் நிரப்பப்பட்டிருந்தன. தவறாகக் கேட்டு எழுதியவை திருத்தப்பட்டிருந்தன. ஜப்பானிய இலக்கணப் பிழைகளைக்கூட அவர் விடவில்லை. எலும்பு, ரத்தக் குழாய், நரம்பு என்று ஃபுஜினோவின் பாடங்கள் முடியும் வரை இந்தத் திருத்தம் தொடர்ந்தது.

ஒருநாள் முன்கை ரத்தக் குழாய்களின் படத்தைக் காட்டி ஆசிரியர் சொன்னது சுவாரசியமானது. படம் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஒரு குழாயை மாணவர் கொஞ்சம் நகர்த்தி வரைந்திருந்தார். அழகு கூடியிருக்கலாம், ஆனால் உடம்பில் இருப்பதை நாம் மாற்ற முடியாது, கரும்பலகையில் இருப்பதை அப்படியே வரைய வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார் ஃபுஜினோ. மாணவர் வெளியே தலையாட்டினார். மனதுக்குள், என் படம்தான் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்!

இரக்கப்பட்டு எளிய கேள்வி கேட்பதோ, கூடுதல் மார்க் போடுவதோ அந்த ஆசிரியரின் வழியாக இல்லை. மாணவர் காதில் விழாமல் போன வரிகளைத் தேடிப் பிடித்து அவர் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். ஆனா அந்த மாணவருக்கு அப்போது தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

59.3 மார்க்... கிளம்பிய சந்தேகம்

1905ல் முதல் வருடத் தேர்வு முடிவுகள் வந்தன. 142 பேரில் லூ சுன்னுக்கு 68வது இடம். சராசரி 65.5 மார்க். வேற்று மொழியில் படித்தவருக்கு இது பெரிய விஷயம்.

அந்தப் பெரிய விஷயமே பிரச்சினையானது. இரண்டாம் வருடத்தில் வகுப்பு மாணவர் நிர்வாகிகள் சிலர் அவருடைய அறைக்கு வந்து நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன கையோடு தபாலில் ஒரு தடித்த கடிதம் வந்தது. செய்த பாவத்துக்கு மனம் திருந்தச் சொல்லித் தொடங்கியது அது. தேர்வுக் கேள்விகளை ஃபுஜினோ நோட்டிலேயே குறித்துக் கொடுத்துவிட்டார், அதனால்தான் பாஸ் ஆனார் என்பது குற்றச்சாட்டு. கையெழுத்து இல்லை.

லூ சுன் நேராக ஃபுஜினோவிடம் போய்ச் சொன்னார். அவருக்குத் தெரிந்த சில ஜப்பானிய மாணவர்களே அவருக்காக நின்றார்கள். ஆதாரம் இல்லாமல் நோட்டைச் சோதித்தது தவறு, சோதனையில் என்ன கிடைத்தது என்று வெளியே சொல்லுங்கள் என்று கேட்டார்கள். புரளி அடங்கியது. கடிதத்தை எழுதியவர்கள் அதைத் திரும்ப வாங்க அலைந்தார்கள். அவரும் கொடுத்துவிட்டார்.

இப்போது அந்த மதிப்பெண் பட்டியலைப் பார்ப்போம். நன்னெறிப் பாடத்தில் 83. ஜெர்மன், இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றிலும் 60. உடலியங்கியலில் 63.3. எல்லாவற்றிலும் 60ஐத் தொட்டவர் தவறியது ஒரே ஒரு பாடத்தில். அது ஃபுஜினோ நடத்திய உடற்கூறியல். மார்க் 59.3!

கேள்வியைச் சொல்லிக் கொடுத்தார் என்று பழி சுமந்த ஆசிரியரின் பாடத்தில்தான் அவர் ஃபெயில்.

இந்தச் சம்பவம் லூ சுன்னை ஆழமாகக் காயப்படுத்தியது. சீனா பலவீனமான நாடு. எனவே சீனர்கள் மூளை குறைந்தவர்கள். 60க்கு மேல் மார்க் எடுத்தால் அது சொந்தத் திறமையாக இருக்க முடியாது. மற்றவர்களின் எண்ணம் இப்படி ஓடுவதாகப் பின்னாளில் கசப்போடு எழுதினார். மொழிச் சிக்கலுக்குச் சிவப்பு மையில் மருந்து இருந்தது. இதற்கு இல்லை.

வகுப்பறையில் காட்டிய அந்தப் படம்

1904 பிப்ரவரியில் தொடங்கிய ரஷ்ய-ஜப்பான் போரில் ஜப்பான் வென்றிருந்தது. சண்டை நடந்ததோ பெரும்பாலும் சீன மண்ணில். பாக்டீரியாவியல் வகுப்பில் கண்ணாடி வில்லைகளைத் திரையில் காட்டிக் கிருமிகளை விளக்குவார்கள். நேரம் மிச்சமிருந்தால் போர்ச் செய்திப் படங்களையும் காட்டுவார்கள்.

அப்படி ஒரு படத்தில் ஒரு சீனர் கட்டப்பட்டிருந்தார். ரஷ்யர்களுக்கு உளவு சொன்னதாகக் குற்றம். ஜப்பான் ராணுவம் அவரைக் கொல்லப் போகிறது. சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் சீனர்கள். நல்ல உடல்வாகு, ஆனா முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. வகுப்பு ஆரவாரம் செய்தது. நடுவில் ஒரே ஒரு சீனராக லூ சுன் உட்கார்ந்திருந்தார்.

உடம்பு நன்றாக இருந்தும் மனம் மரத்துப்போன மக்களுக்கு மருத்துவம் என்ன செய்யும் என்ற கேள்வி தன்னை அப்போதுதான் பிடித்துக்கொண்டதாக அவரே பின்னர் விவரித்திருக்கிறார். மனதை மாற்ற இலக்கியம்தான் வழி என்று முடிவு செய்தார். 1906 மார்ச்சில் படிப்பைப் பாதியில் விட்டார்.

ஒரு சின்னப் பொய்

விடைபெறப் போனபோது ஃபுஜினோவின் முகம் வாடிப்போனது. அதைப் பார்த்த லூ சுன் ஒரு பொய் சொன்னார். உயிரியல் படிக்கப் போகிறேன், நீங்கள் சொல்லித் தந்தது உதவும் என்றார். அப்படி ஒரு திட்டமே அவருக்கு இல்லை.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு ஆசிரியர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு போட்டோ கொடுத்தார். பிரிய மனமில்லாத பிரிவு என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளை அதன் பின்னால் எழுதியிருந்தார். கடிதம் போடச் சொன்னார்.

லூ சுன் கடைசி வரை ஒரு கடிதம்கூடப் போடவில்லை. சொல்லிக்கொள்ளும்படி வாழ்க்கை அமையவில்லை, எழுதினால் ஆசிரியர் ஏமாற்றம் அடைவார் என்று தள்ளிப்போட்டார். வருடங்கள் ஓடிய பிறகு எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஏமாற்றம் என்பதும் உண்மைதான். டோக்கியோ திரும்பி, தம்பி சோ சுவோரெனுடன் சேர்ந்து அயல்நாட்டுக் கதைகளை மொழிபெயர்த்து 1909ல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். டோக்கியோவில் முதல் தொகுதி 21 பிரதிகள் விற்றது. இரண்டாவது 20. அதே வருடம் ஊர் திரும்பி ஆசிரியர் வேலைக்குப் போனார்.

திருப்பம் 1918ல் வந்தது. மக்கள் பேசும் மொழிக்கு நெருக்கமான சீன நடையில் 'ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' கதையை எழுதினார். பண்டித நடையே இலக்கியம் என்றிருந்த நாட்டில் அது புதிய பாதை போட்டது. அடுத்து வந்த 'ஆ கியூவின் உண்மைக் கதை' உலகப் புகழ் பெற்றது. செண்டாயில் மூளையைக் களைப்பாக்கிய அந்த மொழிகளும் வீணாகவில்லை. கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலை ஜெர்மன், ஜப்பானிய மொழிபெயர்ப்புகளின் துணையோடுதான் அவர் 1930களில் சீனத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆசிரியர் என்ன ஆனார்?

செண்டாய் மருத்துவப் பள்ளி பல்கலைக்கழகத்தின் பகுதியானபோது, போதிய பட்டத் தகுதி இல்லை என்று ஃபுஜினோ 1915ல் வேலையை இழந்தார். சொந்த மாகாணமான ஃபுகுயிக்குத் திரும்பி, ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

தன் மாணவர் பெரிய எழுத்தாளராகிவிட்டதோ, தன்னைப் பற்றி 1926ல் ஒரு கட்டுரை எழுதியதோ நீண்ட காலம் அவருக்குத் தெரியாது. அந்தப் போட்டோ பீஜிங் வீட்டில் எழுதும் மேசைக்கு எதிரே மாட்டப்பட்டிருந்ததும் தெரியாது. இரவில் சோர்வு வந்தால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து மீண்டும் எழுதத் தொடங்குவாராம் லூ சுன்.

ஜப்பானில் 1935ல் அவருடைய படைப்புகளின் தேர்ந்தெடுத்த தொகுப்பு வந்தது. எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஃபுஜினோ பற்றிய கட்டுரை மட்டும் கட்டாயம் இருக்கட்டும் என்பதே மொழிபெயர்ப்பாளரிடம் அவர் வைத்த கோரிக்கை. 1936 அக்டோபர் 19 அன்று ஷாங்காயில் லூ சுன் இறந்தார்.  1937ல் ஃபுஜினோ ஒரு சிறு நினைவுக் குறிப்பு எழுதினார். நோட்டைப் பார்த்துக் கொடுத்த அந்தச் சின்ன உதவியை இவ்வளவு பெரிதாக நினைத்துக்கொண்டாரே என்று அதில் நெகிழ்ந்திருக்கிறார். 1945 ஆகஸ்ட்டில் அவரும் காலமானார்.

அந்த நோட்டுகள்? வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாகவே லூ சுன் கடைசி வரை நம்பினார். ஆனால் அவர் இறந்த பிறகு, சொந்த ஊரான ஷாவோசிங்கில் அவை கிடைத்தன. ஆறு தொகுதிகள். இன்று பீஜிங் லூ சுன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் உட்கார்ந்து பாடம் கேட்ட வகுப்பறையை செண்டாயின் தொஹோகு பல்கலைக்கழகம் பாதுகாத்து வருகிறது.

கறுப்பு மையில், தடுமாறும் ஜப்பானிய மொழியில் ஒரு மாணவர் எழுதியதும், அதன் மேல் சிவப்பு மையில் ஓர் ஆசிரியர் திருத்தியதும் அந்த நோட்டுகளில் இன்னும் அப்படியே இருக்கின்றன. அந்த மாணவர் உடற்கூறியலில் தேறவில்லை. ஆனால் எழுதுகிற மேசைக்கு எதிரே அவர் மாட்டி வைத்தது அந்தப் பாடத்தை நடத்தியவரின் படத்தைத்தான்.